கை நழுவவில்லை

கை நழுவிவிட்டது என்று சொன்னேன். ஜிம் மாஸ்டர் இம்தியாஸ் எதுவும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன், மேடையிலிருந்து படியிறங்கும்போதே, "கை நழுவிடுச்சு மாஸ்டர், வேர்வை" என்று. அவன் என் உள்ளங்கையைப் பார்த்தான். பூசிய வெள்ளைப் பவுடர் அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது, ஒரு பொட்டு ஈரம் இல்லை. "சரிக்கா, உக்காருங்க" என்றான், நடுவர் மேசைப் பக்கம் போய்விட்டான். இப்போது இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், மணமகள் அறை என்று எழுதிய கதவுக்குப் பக்கத்தில். ஈரோட்டில் ஏதோ ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து மாநிலப் போட்டிக்கு எடுத்திருக்கிறார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றிக்கொள்கிற இடத்தில் ரப்பர் பாய் விரித்து, அதன் மேல் இரும்பு ராடு. மூன்று தடவை தூக்கலாம். முதல் தடவை நூற்றுப்பத்து கிலோ, தூக்கிவிட்டேன். இரண்டாவது நூற்றிருபது, முட்டி வரைக்கும் வந்தது, விட்டுவிட்டேன். நழுவவில்லை. நானாகத்தான் விட்டேன். இடுப்பில் பலம் இருந்தது, கையில் பிடி இருந்தது, முட்டியைத் தாண்டினால் அப்புறம் எனக்கு எப்போதும் சுலபம், அது அவனுக்கும் தெரியும். அதற்குள் அடிவயிற்றில் அந்தச் சூடு. வரப்போகிறது என்று ஒரு சேதி மாதிரி வரும் அல்லவா, அது. விரல்களைத் திறந்துவிட்டேன். ராடு விழுந்த சத்தத்தில் மண்டபத்தில் யாரோ ஒரு குழந்தை அழுதது. இன்னும் ஒரு தடவை இருக்கிறது. இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும். மேசையில் போய் இவங்க வரமாட்டாங்க என்று எழுதிக் கொடுத்துவிடலாம், அப்படியும் செய்யலாமாம், யாரும் திட்டமாட்டார்கள், உடம்பு சரியில்லை என்று சொன்னால் போதும். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறானோ. அங்கே குனிந்து நின்று அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவிடம் என்னமோ பேசுகிறான். எடையைச் சொல்ல இவ்வளவு நேரம் ஆகாதே. ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு வர வேண்டியதுதானே.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. அவன் பாட்டிலை நீட்டும்போதெல்லாம் வாயில் வைத்து உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன், தொண்டை அசைகிற மாதிரி ஒரு நடிப்பு. அதில் எனக்கு நல்ல பழக்கம். ஷூ கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்த நாளிலிருந்து அப்படித்தான். வெயில் காலத்தில் எல்லாரும் கேனைச் சாய்த்துச் சாய்த்துக் குடிப்பார்கள், நான் உதட்டை நனைப்பேன். சர்க்கரைக்கு மருந்து கொடுக்கிற டாக்டர் தண்ணி நிறைய குடிக்கணும் குணசுந்தரி என்பார், குடிக்கிறேன் டாக்டர் என்பேன். இப்போது தலை லேசாகச் சுற்றுகிற மாதிரி இருக்கிறது. நின்றால் கண் இருட்டுமோ. மேடையில் கண் இருட்டி விழுந்தால், விழுந்த இடத்தில் எல்லாம் போய்விட்டால். வேண்டாம், அதை நினைக்கக் கூடாது. நினைக்க நினைக்க அங்கே போய் நிற்கிறது. துணி வைத்திருக்கிறேன், காஸ்ட்யூமுக்குள் தடிமனாக ஒன்று, அது நூற்றுப்பத்துக்குத் தாங்கியது, நூற்றிருபதுக்குத் தாங்குமா. கறுப்புக் காஸ்ட்யூம், ஈரம் தெரியாது. ஆனால் தொடையில் வழிந்தால் தெரியும். காலில் நீள சாக்ஸ் போட்டே ஆக வேண்டும் என்று ரூல், நான் போட்டிருப்பது வெள்ளை, ஏன் வெள்ளை வாங்கினேன். பாய் மேல் விழுந்தால் விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும். சௌமியா வேறு முன்வரிசையில் நாற்காலி மேல் ஏறி நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறாள். அம்மா தூக்குறத நேரலையா போடப்போறேன் என்று ஆம்பூரில் எல்லாருக்கும் சொல்லிவைத்திருக்கிறாள். என் செக்‌ஷன் பொம்பளைகள் பார்ப்பார்கள். சூப்பர்வைசர் பார்ப்பார். என் நாத்தனார் பார்ப்பாள்.

சௌமியா பிறந்தபோதுதான் ஆரம்பித்தது. ஆயுதம் போட்டு இழுத்தார்கள். இவளிடம் எப்படிச் சொல்வது, நீ வந்த வழியில் என்னமோ அறுந்துவிட்டதடி, அதிலிருந்து மூத்திரம் நிற்பதில்லை என்று. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று ஒரு நர்ஸ் சொன்னாள், கொஞ்ச நாள் ஆகி, இவள் பள்ளிக்கூடம் போய், காலேஜ் போய், வேலைக்கும் போய்விட்டாள். தும்மல் வந்தால் காலைப் பின்னிக்கொள்வேன். இருமலுக்குச் சுவரைப் பிடித்துக்கொள்வேன். சிரிப்புதான் மோசம், சிரிப்பு சொல்லிவிட்டு வராது. இவர் டிவியில் ஏதாவது காமெடி பார்த்துக்கொண்டு இங்கே பாரு சுந்தரி, இங்கே பாரு என்று கூப்பிடுவார், அடுப்பில் வேலை இருக்கு என்று எழுந்து போய்விடுவேன். அண்ணிக்குச் சிரிக்கவே தெரியாது என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். இருபத்தைந்து வருஷம் ஒரே பாயில் படுத்த மனுஷனுக்குத் தெரியாது. தெரியாதா, தெரிந்தும் கேட்கவில்லையா, அது எனக்குத் தெரியாது. அப்படி எல்லாரிடமும் மறைத்து வைத்ததை ஒரு பையன் கண்டுபிடித்தான், என் மகளைவிட ஒரு வயசோ என்னமோ கூட. அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

பேக்கரிக்கு மாடியில் அவன் ஜிம். சர்க்கரை ஏறிவிட்டது, நடந்தால் போதாது, எடை தூக்கினால்தான் இறங்கும் என்று சௌமியா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். படியேறும்போதே பன் வாசனை, மேலே போனால் துரு வாசனை. ஒல்லியாக ஒருத்தன் நின்றான், மாஸ்டர் எங்கே தம்பி என்று அவனிடமே கேட்டேன். சிரித்துக்கொண்டு, நான்தான்கா என்றான். இவ்வளவு ஒல்லியா இருக்கியே, நீ எத்தனை கிலோ தூக்குவ என்றேன். எனக்கு எப்பவுமே வாய் கொஞ்சம் நீளம். கோபப்படவில்லை. "போட்டிக்கெல்லாம் போயிருக்கேன்கா. கடைசியிலதான் வருவேன். எனக்குத் தூக்க வரல. தூக்குறவங்களைப் பார்த்தா எங்க தப்பு நடக்குதுன்னு தெரியும், அது மட்டும் வந்துச்சு" என்றான். அது மட்டும் என்று எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். அந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது, அதுதான் இப்போது என் பயம். வெறும் ராடைக் கொடுத்து மாசக்கணக்கில் குனிய வைத்தான், நிமிர வைத்தான். முதுகைத் தொடாமல் ஒரு குச்சியை வைத்துக் காட்டுவான், இங்க வளையுது, இங்க நேரா வரணும். சர்க்கரை இறங்கியதோ இல்லையோ, ஒருநாள் கேஸ் சிலிண்டரைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் வைத்தேன், இவர் வாயைத் திறந்தபடி பார்த்தார். அன்றைக்கு ராத்திரி படுக்கையில் என் கையை நானே அமுக்கிப் பார்த்துக்கொண்டேன். கல் மாதிரி இருந்தது. இது என் கைதானா என்று ஒரு சந்தோஷம், யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத சந்தோஷம். அப்புறம் அவன்தான் சொன்னான், நாற்பது வயசுக்கு மேல இருக்கிற பொம்பளைங்களுக்குத் தனியா போட்டி இருக்குக்கா, மாவட்டத்துக்குப் போய்ப் பார்க்கலாம். போயிருக்கக் கூடாது. சிலிண்டரோடு நிறுத்தியிருக்கலாம்.

மாவட்டப் போட்டியில் ஜெயித்தேன். அதை யாராவது சொன்னால் எனக்கு ராடு ஞாபகம் வராது, மெடல் ஞாபகம் வராது, பாய் மேல் இருந்த அந்த இருட்டு வட்டம்தான் வரும். கீழே வைக்கச் சொல்லிக் கை காட்டும் வரை நிற்க வேண்டும், நின்றுகொண்டிருந்தபோது வந்துவிட்டது. ஒரு பெரியவர் மாப் கொண்டுவந்து துடைத்தார், வேர்வை என்று நினைத்தாரோ என்னமோ. நான் சுரிதாரை அப்படியே மேலே மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அதற்கப்புறம் ஜிம் பக்கம் போகவில்லை. போன் அடித்தான், எடுக்கவில்லை. ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு கம்பெனி கேட்டில் வந்து நின்றான், கூட்டத்தோடு கூட்டமாகப் புகுந்து போய்விட்டேன். மறுபடி நின்றான். இப்படியே நின்றால் என் பேரும் அவன் பேரும் கெட்டுப்போகும் என்று ஒருநாள் மேலே ஏறிப் போனேன், இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வருவதற்காக. ஜிம்மில் யாரும் இல்லை. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு பிளேட்டுகளை அடுக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே அடுக்கியிருந்ததுதான், எடுத்து எடுத்து மறுபடி வைத்தான். திரும்பாமலேயே, "அக்கா, நான் ஒண்ணு கேப்பேன். ஆமான்னா பேசாம இருங்க, இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க" என்றான். நான் பேசாமல் நின்றேன். அவன் கேட்கவே இல்லை, நான் அதற்குள்ளேயே பேசாமல் நின்றுவிட்டேன். அவன் காது பின்பக்கம் சிவந்திருந்தது. "இது நிறைய பேருக்கு வர்றதுதான்கா. புள்ள பெத்தவங்களுக்கு, பெக்காதவங்களுக்குக்கூட. நான் படிச்சேன். எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், கேட்டிருக்கணும், வெக்கப்பட்டுட்டு விட்டுட்டேன்" என்றான் சுவரிடம். வேலூரில் ஒரு பிசியோ அம்மா இருக்காங்க, பொம்பளைங்களுக்கு இதை மட்டும் பார்க்கிறவங்க, நான் பேசிட்டேன், நீங்க போனா போதும் என்றான். போனேன். அந்த அம்மா உள்ளே இருக்கிற சதையை எப்படி இழுத்துப் பிடிப்பது, எப்படி விடுவது, மூச்சை எந்த இடத்தில் வெளியே விடுவது என்று சொல்லிக்கொடுத்தாள். இவன் அந்த மூச்சுக்குத் தகுந்த மாதிரி என் தூக்குதலையே மாற்றினான். தும்மல் நின்றது. இருமல் நின்றது. ஒருநாள் டிவி பார்த்துச் சிரித்துவிட்டேன், எழுந்து போகாமல், இவர் டிவியை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். ஆனால் பெரிய எடைக்கு மட்டும் இன்னும் சந்தேகம். வரலாம், வராமலும் இருக்கலாம் என்று அந்த அம்மா சொன்னாள். வரலாம் என்கிற வார்த்தையைத்தான் நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

இன்னும் பேசிக்கொண்டிருக்கிறானே. கண்ணாடி அம்மா நிமிர்ந்து அவனைப் பார்க்கிறாள், இந்தப் பக்கம் பார்க்கிறாள். என்னையா. ஏன் என்னைப் பார்க்கிறாள். மேடையில் தூத்துக்குடி ஜெனோவாவைக் கூப்பிடுகிறார்கள், போலீஸில் இருப்பவள், என்னைவிட நாலைந்து வயது சின்னவள், அவளுடைய மூன்றாவது. ராடைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சத்தம் போடுவாள், காக்கா விரட்டுகிற மாதிரி. போடுகிறாள். எழும்புகிறது, நிற்கிறது, கை காட்டிவிட்டார்கள். கைதட்டல். இப்போது அவள் இரண்டாவது இடம். நான் தூக்கினால் நான் இரண்டாவது, தூக்காவிட்டால் நான் நாலாவது. முதல் இரண்டு பேர்தான் தமிழ்நாட்டுக்காக வெளியூர் போவார்கள். நான் எதற்கு வெளியூர் போக வேண்டும். நாலாவது இடத்தில் என்ன குறைச்சல். காய்ந்த துணியோடு ஊர் போய்ச் சேரலாம். இம்தியாஸ் வருகிறான். நடையிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. எதிரே வந்து முட்டி போட்டு உட்கார்ந்து என் இடுப்பு பெல்ட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அதே நூத்தியிருபதுதான் சொல்லியிருக்கேன்கா. இன்னும் ரெண்டு பேருக்கு அப்புறம் நீங்க."

"கை வலிக்குது மாஸ்டர். வேணாமே."

"கை நழுவலக்கா. நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்." குரலை இறக்கிக்கொண்டான். "வந்துச்சா?"

"வரல. வர்ற மாதிரி இருந்துச்சு."

"மேசைல இருக்கிற அந்தம்மாகிட்ட கேட்டேன். வந்தா ஃபெயிலான்னு. ரூல்ல அப்படி எதுவும் இல்லையாம். முட்டி நேரா இருக்கணும், தோள் பின்னாடி இருக்கணும், அவங்க கை காட்டுறவரைக்கும் பிடிச்சிருக்கணும். அவ்ளோதான் பார்ப்பாங்களாம். பாயைத் துடைச்சிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்களாம்."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. மண்டபத்தில் மைக் என்னமோ சொல்வது தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்கிற மாதிரி கேட்டது. "நீ அவங்ககிட்ட சொன்னியா?" என்றேன். அவனை நீ என்று கூப்பிட்டு ரொம்ப நாள் ஆகிறது. முதல் நாளுக்கு அப்புறம் மாஸ்டர்தான், நீங்கதான். "உங்க பேரைச் சொல்லலக்கா" என்றான். "உன்கூட வந்தது நான் ஒருத்திதானே. என்னைத் திரும்பிப் பார்த்தாங்களே அவங்க. உன்னை யாரு கேக்கச் சொன்னது?" அவன் பெல்ட்டின் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். "யாரும் சொல்லல. நீங்க கேக்கமாட்டீங்க. தெரியாமலே பயந்துட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. அதான் கேட்டேன். திட்டுறதுன்னா அப்புறம் திட்டுங்க." அப்புறம் மெதுவாக, "போக வேணாம்னா இப்பவே போய் சொல்லிட்டு வந்துடுறேன். நெசமாத்தான் சொல்றேன். ஆனா அதுக்காக ராடை விட்டேன்னு நீங்க நாளைக்கு நினைக்கக் கூடாது. வந்தா வரட்டும்கா. நான் இங்கதான் நிப்பேன்" என்றான். பெல்ட்டின் கொக்கியை அவன் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். இவன் எதற்குப் பயப்படுகிறான், இவனுக்கு என்ன போகப்போகிறது. ஒரு கோபம் வந்தது, அவன் மேலா, கண்ணாடி அம்மா மேலா, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்ற அந்த நர்ஸ் மேலா என்று தெரியவில்லை. பாட்டிலைப் பிடுங்கித் தண்ணீரைக் குடித்தேன். நிஜமாகவே குடித்தேன், கழுத்தெல்லாம் வழிய. அவன் தடுக்கவில்லை. பெல்ட்டை நீட்டினான், வாங்கிக் கட்டினேன்.

ஆம்பூர் குணசுந்தரி என்று மைக்கில் கூப்பிட்டார்கள். படிக்கட்டு. ரப்பர் பாய் வழக்கத்தைவிட மெத்தென்று இருக்கிறதே, ஏன், முன்னால் வந்தபோது இப்படி இல்லையே. ராடு. பாதத்துக்கு நடுவில் ராடு வர வேண்டும், வந்துவிட்டது. எதிரே கூட்டம் ஒரே கலராகத் தெரிகிறது, அதில் எங்கேயோ சௌமியாவின் போன். மூன்று நடுவர்கள் மூன்று பக்கமும். கண்ணாடி அம்மா பார்ப்பாள், பார்க்கட்டும். குனிந்தேன், முதுகு, இங்க வளையுது, இங்க நேரா வரணும், பிடித்தேன், உள்ளே இழுத்தேன், மூச்சு. எழும்பவில்லை. எழும்பவில்லையே. இது முன்னைவிட எடை கூட. ஏமாற்றி எடையைக் கூட்டிவிட்டானா, இல்லை, அதே சிவப்புத் தட்டுகள்தான், தரையை விட்டு வந்துவிட்டது, கணுக்கால், கெண்டைக்கால், ராடு சாக்ஸைச் சிராய்த்துக்கொண்டு ஏறுகிறது, முட்டி, இதோ முட்டி, இதோ அந்தச் சூடு, வருகிறது, வந்துவிடும், விரல் திறக்கப் பார்க்கிறது, திறக்காதே, வந்தா வரட்டும் என்றான், அவனுக்கென்ன சொல்லிவிட்டான், வந்தா வரட்டும், வரட்டும், வந்துவிட்டது. வெதுவெதுவென்று உள்தொடையில் இறங்குகிறது. சாக்ஸில் இறங்குகிறது. எனக்குத் தெரிகிறது. எல்லாம் தெரிகிறது. ராடு முட்டியைத் தாண்டிவிட்டது. அதற்கப்புறம் எப்போதும் சுலபம். இடுப்பை முன்னால் தள்ளினேன், நிமிர்ந்தேன், தோள் பின்னால். நிற்கிறேன். கை காட்டவில்லை. நடுவரின் கை மேலேயே இருக்கிறது. ஏன் இறக்கவில்லை, கீழே பார்த்துவிட்டாரா, பாயைப் பார்க்கிறாரா, பார்த்துவிட்டு யோசிக்கிறாரா. ராடு விரலைப் பிரிக்கிறது, ஒவ்வொரு விரலாக. நான் விடப்போவதில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கையை அப்படியே வைத்திருங்கள். இத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான், எதையெல்லாமோ பிடித்துக்கொண்டிருந்தேன், இந்த இரும்பையா பிடிக்கமாட்டேன். கை இறங்கியது. டவுன் என்றார். ராடைக் கீழே வைத்தேன், போடவில்லை, வைத்தேன். மூன்று வெள்ளை விளக்கு, மூன்று நடுவருக்கும் சரி.

யாரோ மாப் எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் ஓடவில்லை. படியில் இம்தியாஸ் நின்றுகொண்டிருந்தான், ஒரு பெரிய துண்டை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, குளித்துவிட்டு வருகிற குழந்தையைச் சுற்றுவதற்கு நிற்கிற மாதிரி. எப்போது வாங்கினான் அதை, ஓரத்தில் விலைச்சீட்டு கூடப் பிரிக்காமல் தொங்கியது. இடுப்பில் கட்டிக்கொள்வதற்கு என்று எனக்குத் தெரிந்தது. கால் சில்லென்று இருந்தது. ஃபேன் காற்று பட்டு இன்னும் சில்லென்று ஆனது. பயம் போய்விட்டதா என்று பார்த்தேன், போகவில்லை, அங்கேயேதான் இருந்தது, வீடியோ, நாத்தனார், நாளைக்குக் கம்பெனி கேட், எல்லாம் வரிசையாக நின்றது. "வந்துடுச்சு மாஸ்டர்" என்றேன். "தெரியும்கா" என்றான். "கை நழுவல" என்றேன். "தெரியும்கா" என்றான் மறுபடியும். துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தேன், கழுத்தைத் துடைத்தேன், பவுடர் போகக் கையைத் துடைத்தேன், அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்படியே போய் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவள் தூக்குவதைப் பார்த்தேன். துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அப்புறம் அவனும் அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.